குணமாகிற கைக்கு ஒரு வேலை

ஈ.எஸ்.ஐ. மருத்துவர் எழுதித் தரும் தாளில் காயம்பட்ட தொழிலாளிக்கு இரண்டே நிலைகள்: வேலைக்குப் போக முடியாதவர், அல்லது வேலைக்குத் தகுதியானவர். முதல் சான்றிதழ், இடைச் சான்றிதழ் என்று சில வாரங்கள் தாள்கள் வந்துகொண்டிருக்கும். ஒரு நாள் இறுதிச் சான்றிதழ் வரும். மறுநாள் காலை ஷிப்டுக்கு அவர் அதே பவர் பிரஸ்ஸின் முன்னால் நிற்க வேண்டும். நேற்று வரை சட்டைப் பொத்தான் போட மனைவியைக் கூப்பிட்டவர், இன்று எட்டு மணி நேரம் தகட்டைத் தூக்கி வைத்துத் தூக்கி எடுக்க வேண்டும். முடியவில்லை என்று சொன்னால், “பிட்னஸ் வாங்கிட்டுத்தானே வந்தீங்க?” என்று சூப்பர்வைசர் கேட்பார். அவர் கேட்பதில் தவறில்லை. அவர் கையில் இருக்கும் தாள் அப்படித்தான் சொல்கிறது.

உடம்பு அந்தத் தாளின்படி ஆறுவதில்லை. விரலை மடக்கும் தசைநாண் அறுந்து, அதைத் தைத்துச் சேர்த்திருந்தால், முதல் வாரங்களில் பட்டையைக் கட்டிக்கொண்டு பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவுக்கு மட்டும் விரலை அசைக்க வேண்டும். ஆறு, எட்டு வாரங்களுக்குப் பிறகு இலேசான பொருள்களை எடுக்கலாம். பாரம் தூக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அவசரப்பட்டால் தையல் விட்டுப்போகும். பயந்துபோய்க் கையை அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டுகள் இறுகி, நல்ல அறுவை சிகிச்சையும் வீணாகும். முதுகுப் பிடிப்புக்கும் இதே கதைதான். வாரக்கணக்கில் படுத்துக்கிடப்பது முதுகை மேலும் பலவீனமாக்குகிறது என்று மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். முழு ஓய்வு முடிந்த பிறகும் முழு வேலை தொடங்குவதற்கு முன்பும், சில வேலைகளைச் செய்யலாம், சிலவற்றைச் செய்யக் கூடாது என்ற நிலை சில வாரங்களோ சில மாதங்களோ இருக்கிறது. அந்தக் காலத்தில் அளவோடு வேலை செய்வது சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது. தொழிற்சாலைகளில் ‘லைட் டியூட்டி’ என்று சொல்கிறோமே, அதன் இடம் இதுதான். இதை முதலாளி காட்டும் இரக்கமாகவும் தொழிலாளி தேடும் சொகுசாகவும் பார்த்துப் பழகிவிட்டோம். மருத்துவரும் நிர்வாகமும் சக தொழிலாளியும் காப்பீட்டுக் கழகமும் வீட்டாரும் பங்குபோட்டுச் சுமக்க வேண்டிய பொறுப்பு இது.

இந்தியாவிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஒரகடம், ஓசூர் என்று வாகன உதிரிபாகப் பட்டறைகள் பரவிய இடங்களில் எல்லாம் பவர் பிரஸ் இருக்கிறது. பவர் பிரஸ் இருக்கும் இடத்தில் விரல்களும் போகின்றன. வாகன உற்பத்தித் துறையில் கைக்காயம் பட்டவர்களைப் பற்றி ‘சேஃப் இன் இந்தியா’ என்ற தொண்டு நிறுவனம் 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டுவருகிறது. விபத்து நடந்த பிறகுதான் பலருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டையே கைக்கு வருகிறது என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. சிகிச்சையே இப்படித் தட்டுத்தடுமாறித் தொடங்கும்போது, சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்களை யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் தற்காலிக ஊனம் என்பதை, காயத்துக்கு முன் செய்துவந்த வேலையைச் செய்ய முடியாத நிலை என்றுதான் வரையறுத்தது. மிக நியாயமான வரையறை. பழைய வேலையைச் செய்ய முடியாதவரை அவருக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். ஆனால், அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவு, ஏதாவது வேலை செய்து கூலி பெறும் நாளுக்கு அந்த உதவித்தொகை கிடையாது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சிக்கல் தெரியும். பழைய வேலைக்கு இன்னும் தகுதி வராதவர், இலேசான வேலையைப் பாதி நாள் செய்ய முன்வந்தால், அந்த நாளின் உதவித்தொகை முழுவதும் போய்விடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் சராசரிக் கூலி நாளுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருந்தால் அவருக்கு 540 ரூபாய். நிர்வாகம் அவரை அரை ஷிப்டு செக்கிங் வேலைக்குக் கூப்பிட்டு 300 ரூபாய் கொடுத்தால், வேலைக்குப் போனதற்காக அவர் 240 ரூபாயை இழக்கிறார். எந்தக் குடும்பத்தலைவர் இதற்குச் சம்மதிப்பார்? சம்மதிக்கச் சொல்வதும் நியாயமில்லை. மாறாக, ஈ.எஸ்.ஐ. கழகம் அந்தக் குறையை ஈடுசெய்து 600 ரூபாய் வரும்படி 300 ரூபாய் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளிக்கு முழுக்கூலி. நிர்வாகம் தான் பெற்ற வேலைக்கு மட்டும் கூலி தருகிறது. 540 ரூபாய் கொடுக்க வேண்டிய கழகத்துக்கு நாளொன்றுக்கு 240 ரூபாய் மிச்சம். கையும் பழக்கத்துக்கு வருகிறது. மூன்று தரப்புக்கும் நன்மை தரும் ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு விதி தடையாக நிற்கிறது. இந்த நிதியும் எவர் வீட்டுக் கொடையும் அல்ல. முதலாளி கூலியில் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் மாதந்தோறும் செலுத்திச் சேர்த்த பணம் அது.

ஜெர்மனியில் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். அங்கே படிப்படியாக வேலைக்குத் திரும்புகிறவர், அந்தப் படிகள் முடியும்வரை சட்டத்தின் கண்ணில் சிகிச்சையில் இருப்பவர்தான். முதல் வாரங்களில் இரண்டு மணி நேரம், பிறகு நான்கு மணி நேரம் என்று அவர் வேலைக்கு வந்துபோனாலும் காப்பீட்டுப் பணம் நிற்காது. ஓர் ஆண்டில் ஆறு வாரங்களுக்கு மேல் ஒருவர் நோயால் வராமல் இருந்தால், அவரைத் திரும்பக் கொண்டுவரும் வழியை அவரோடு உட்கார்ந்து பேச நிர்வாகம் அழைத்தாக வேண்டும் என்பது அங்கே சட்டக் கடமை. பிரிட்டனில் 2010-இல் பழைய நோய்ச் சான்றிதழை மாற்றினார்கள். ‘தகுதியில்லை’ என்பதோடு ‘இன்னின்ன ஏற்பாடு இருந்தால் வேலை செய்யலாம்’ என்ற இன்னொரு கட்டமும் சேர்ந்தது. நேரத்தைக் குறைப்பதா, வேலையை மாற்றுவதா, இடத்தைத் திருத்துவதா, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதா என்று மருத்துவர் அதில் குறிக்கலாம். ஒரு தாளில் ஒரு கட்டம் கூடுவதற்கு நமக்குப் பெரிய பணம் எதுவும் தேவையில்லை.

2025 நவம்பர் 21 முதல் ஈ.எஸ்.ஐ. சட்டமும் 1923-இன் இழப்பீட்டுச் சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் வந்துவிட்டன. விதிகளும் படிவங்களும் புதிதாக எழுதப்படும் காலம் இது. அந்தக் கட்டத்தைச் சேர்க்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

ஈ.எஸ்.ஐ.யில் சேரச் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். 2017 தொடக்கம் முதல் இதே தொகைதான். அதற்கு ஒரு படி மேலே சம்பளம் வாங்கும் ஆபரேட்டரின் நிலையைப் பார்த்தால் இன்னொரு பக்கம் தெரியும். அவருக்குப் பழைய இழப்பீட்டுச் சட்டத்தில் தற்காலிக ஊனத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தின் 25 சதவீதம். அந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கும் 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். ஆக, 25,000 ரூபாய் வாங்கியவருக்குச் சட்டப்படி உறுதியானது மாதம் 7,500 ரூபாய்தான். வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம், வண்டித் தவணை எதுவும் அவருக்காகக் குறைவதில்லை. இப்படிப்பட்டவர் கட்டோடு வந்து கேட்டில் நின்று, “எந்த வேலையா இருந்தாலும் கொடுங்க சார்” என்கிறார். கிடைக்கிற வேலை அவர் கைக்கு ஏற்றதா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. பலர் இரண்டாவது முறை காயம்படுவது இப்படித்தான்.

லைட் டியூட்டியை நாம் ஆதரிக்கிறோம் என்பதாலேயே, அதன் பெயரில் நடக்கும் அநியாயத்தை மறைக்கக் கூடாது. ஒருவர் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாதபடி காயம்பட்டால் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் வைத்த விதி. நல்ல நோக்கத்தோடு எழுதியது. ஆனால் அந்த 48 மணி நேரத்துக்குள் ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டால் விபத்து கணக்கில் வராது என்று சிலர் கண்டுகொண்டார்கள். கம்பெனி வண்டி வீட்டுக்கு வரும். தையல் போட்ட கையோடு வந்து வருகைப்பதிவு போட்டுவிட்டு, கேன்டீன் மூலையில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டுப் போகலாம். கேட்டில் உள்ள பலகையில் ‘விபத்தில்லா நாட்கள்’ எண்ணிக்கை குறையாமல் ஏறும். ஆறவேண்டிய காயம் பேருந்திலும் பைக்கிலும் அலைந்து சீழ் பிடிக்கும். இன்னொரு வகையும் உண்டு. வேண்டாதவரை வெளியேற்ற லைட் டியூட்டி என்று பெயர் வைத்து, இருபது ஆண்டு அனுபவமுள்ள டை செட்டரைக் கழிவறைப் பக்கம் துடைப்பத்தோடு நிறுத்துவது. அவர் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்று எதிர்பார்ப்பு. தூய்மைப் பணி இழிவானது அல்ல. ஒருவரை இழிவுபடுத்துவதற்கென்றே அந்த வேலையைத் தேர்ந்தெடுப்பதுதான் இழிவு.

நம் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் சிங்கப்பூரிலும் இதே தந்திரம் இருந்தது. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் அடிபட்டவர்களுக்கு விடுப்புக்குப் பதிலாக இலேசான பணி என்று எழுதச் சொல்லி நெருக்கடி கொடுப்பது அங்கே நீண்டகாலம் பேசப்பட்ட பிரச்சினை. 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய காய இழப்பீட்டுச் சட்டத்தில் அதன் வேரிலேயே கைவைத்தார்கள். வேலைக் காயத்துக்காக ஒரு நாள் விடுப்பு எழுதினாலும், இலேசான பணி எழுதினாலும், மனிதவள அமைச்சுக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். இலேசான பணியில் இருப்பவருக்கான தொகையும் விபத்துக்கு முந்தைய சராசரிச் சம்பளத்தை அடிப்படையாக வைத்தே கணக்கிடப்படும். ஆளை அவசரமாகக் கூட்டிவந்து மறைப்பதற்கான காரணம் பெருமளவு போய்விட்டது. நம் விதிகளிலும் லைட் டியூட்டி நாட்களை விபத்து நாட்களாகவே எண்ண வேண்டும். கேட்டுப் பலகையில் போடும் எண்ணுக்குப் பெருமைப்படும் நிர்வாகங்கள் இதை எதிர்க்கக் கூடும். ஆனால், பாதுகாப்பில் உண்மையாகவே அக்கறையுள்ள நிர்வாகத்துக்கு உண்மைக் கணக்கு உதவியே செய்யும்.

காயத்துக்குப் பிறகான வேலையைப் பற்றி வெளிநாட்டைப் பார்த்தே கற்க வேண்டும் என்பதில்லை. வேலூரில் இதற்கு எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையில் மருத்துவர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். கை நிமிர்ந்தவர்கள் ஊர் திரும்பி, சில காலம் கழித்துத் திரும்பி வந்து வருந்தினார்கள். கை நன்றாக இருப்பதால் முன்போல் பிச்சை கிடைப்பதில்லை, வேலை கொடுக்கவும் யாரும் தயாராக இல்லை. வேலைக்கு வழி செய்யாத சிகிச்சை பாதிச் சிகிச்சைதான் என்று பிராண்ட் புரிந்துகொண்டார். 1951-இல் புதுவாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கித் தச்சு முதலிய தொழில்களைப் பழக்கினார்கள். உணர்ச்சியற்ற கை எந்தக் கருவியை எப்படிப் பிடித்தால் புண் வராது என்று அங்கே பார்த்துப் பார்த்துக் கற்றார்கள்.

அதே மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராக இருந்தவர் மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு சென்ற வாகனம் விபத்துக்குள்ளாகி, முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் இயக்கம் போயிற்று. நின்றுகொண்டு செய்யும் அறுவை சிகிச்சை இனி அவரால் முடியாது. கையைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் என்று பிராண்ட் வழிகாட்டினார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி வர்கீஸ் தொழுநோயாளிகளின் கைகளைத் திருத்தினார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, 1963-இல் அந்தத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையமே எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ வந்தது. அவருடைய மன உறுதியை நாம் பாராட்டுகிறோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவருடைய வாழ்க்கையில் நாம் கவனிக்கத் தவறுவது, எந்த வேலையை உட்கார்ந்து செய்யலாம் என்று யோசித்த ஒரு சக ஊழியரும், அறுவை அரங்கை அதற்கேற்ப மாற்றிக்கொண்ட ஒரு நிறுவனமும் அங்கே இருந்ததைத்தான். மன உறுதி உள்ள பிரஸ் ஆபரேட்டர்கள் நம் பட்டறைகளில் எத்தனையோ பேர். அவர்களுக்காக யோசிக்கும் ஆள்தான் இல்லை.

அரசு ஊழியர்களுக்கு இந்தப் பாதுகாப்பு சட்டத்திலேயே இருக்கிறது. 1995-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47-ஆம் பிரிவும், அதன் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும், பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கின்றன. பழைய வேலை முடியாது என்றால் அதே சம்பளத்தில் வேறு பணி. அதுவும் இல்லையென்றால், பொருத்தமான பணி கிடைக்கும்வரை கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைக்க வேண்டும். பணியில் அடிபட்டுக் காலை இழந்த குணால் சிங் என்ற காவலரின் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. நம் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளில் ‘லைட் டியூட்டி’ பழகிப்போன சொல். அதைப் பெறுவதற்காகவே உயர் நீதிமன்றம் ஏறிய ஓட்டுநர்களும் உண்டு. வேலியைத் தாண்டினால் தனியார் தொழிற்சாலை. அங்கே அடிபட்டவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. சிகிச்சைக் காலத்தில் அவரை நீக்கக் கூடாது என்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு பாதுகாத்தது உண்மை. ஆனால் உதவித்தொகை பெறும் காலத்தோடு அந்தப் பாதுகாப்பும் முடிகிறது. இறுதிச் சான்றிதழ் வாங்கிய நாளில்தான் அவர் வேலையைப் பற்றிய ஆபத்தே தொடங்குகிறது. அரசு ஊழியரின் காலுக்கு ஒரு நியாயம், தனியார் ஊழியரின் காலுக்கு ஒரு நியாயம் என்பதை எத்தனை காலம் ஏற்றுக்கொண்டிருக்கப் போகிறோம்?

சிறு பட்டறை முதலாளிகளின் தரப்பையும் கேட்க வேண்டும். பதினைந்து பேரை வைத்து ஜாப் ஒர்க் செய்பவரிடம் போய், ஒருவருக்கு இலேசான வேலை கொடுங்கள் என்றால், “என்கிட்ட இருக்கிறதே நாலு பிரஸ்ஸும் ஒரு ஷியரிங் மிஷினும்தான். லைட் வேலைக்கு எங்கே போவேன்?” என்பார். பெரிய கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய சரக்கு தாமதமானால் அவருக்கு அபராதம். மறுபடி அடிபட்டால் யார் பொறுப்பு என்ற பயமும் அவருக்கு உண்டு. இவை வெறும் சாக்கு அல்ல. ஆனால் அதே பட்டறையை ஒரு நாள் சுற்றிப்பார்த்தால் வேறு வேலைகளும் தெரியும். முதல் பீஸை கேஜ் வைத்துப் பார்ப்பது, டூல் வாங்கிக் கொடுத்துக் குறிப்பது, டெலிவரி சலான் எழுதுவது, சரக்கை எண்ணிக் கட்டுவது, புதிதாக வந்த பையனுக்கு மிஷினைச் சொல்லிக் கொடுப்பது. ஒவ்வொரு ஷிப்டும் தொடங்குமுன் இரண்டு கைப் பொத்தான்களும் பாதுகாப்புத் தடுப்பும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலையைப் பல இடங்களில் யாருமே செய்வதில்லை. அடிபட்டவரைவிட அதை அக்கறையோடு செய்ய யார் இருக்கிறார்கள்? அவர் விருப்பத்தைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்த மிஷினின் சத்தத்தையே கேட்க முடியாமல் நடுங்குபவர்களும் உண்டு.

தனி ஒரு பட்டறையால் முடியாததை ஒரு தொழிற்பேட்டை சேர்ந்து செய்ய முடியும். சிட்கோ பேட்டைகளிலும் அம்பத்தூரிலும் உற்பத்தியாளர் சங்கங்கள் இருக்கின்றன. மின்கட்டணத்துக்கும் சாலைக்கும் ஒன்றுகூடிக் கேட்கத் தெரிந்தவர்கள் அவர்கள். எந்தெந்தப் பட்டறையில் இலேசான வேலை இருக்கிறது என்று ஒரு பட்டியலை அந்தச் சங்கம் வைத்திருந்து, அடிபட்டவர் சில வாரங்கள் பக்கத்துப் பட்டறையில் வேலை செய்துவிட்டுத் தன் பட்டறைக்குத் திரும்ப ஏற்பாடு செய்யலாம். அந்த வாரங்களிலும் அவர் பழைய பட்டறையின் ஆளாகவே பதிவில் இருக்க வேண்டும் என்பது மட்டும் எழுத்தில் இருக்க வேண்டும். சரக்கை வாங்கும் பெரிய கம்பெனிகளுக்கும் இதில் பங்கு உண்டு. தரத்துக்கு ஆடிட் வைக்கிறார்கள், விலைக்கு ஆடிட் வைக்கிறார்கள். போன ஆண்டு அடிபட்டவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்ற ஒரு கேள்வியையும் அந்தப் படிவத்தில் சேர்க்கலாம்.

மருத்துவருக்கு ஒரு வேண்டுகோள். ‘இலேசான பணி’ என்று ஒற்றை வரியில் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. ஸ்டோர்ஸில் உட்காருவது இலேசு என்று நிர்வாகம் நினைக்கும். அங்கே ஐம்பது கிலோ பெட்டியை இறக்க வேண்டியிருக்கும். எந்தக் கை, எத்தனை கிலோ வரை, எத்தனை மணி நேரம் நிற்கலாம், அதிரும் கருவியைப் பிடிக்கலாமா, எண்ணெயும் கூலன்ட்டும் காயத்தில் படலாமா, மறுபடி எந்தத் தேதியில் வந்து காட்ட வேண்டும் என்று எழுதினால் சூப்பர்வைசருக்கும் குழப்பமில்லை. டிஸ்பென்சரியில் காலையில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்கள், இதற்கெல்லாம் மருத்துவருக்கு எங்கே நேரம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிசியோதெரபிஸ்டும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் கையின் பலத்தை அளந்து பூர்த்தி செய்யும் படிவமாக அது இருந்தால் மருத்துவர் சரிபார்த்துக் கையெழுத்திடலாம். கே.கே. நகர், அயனாவரம், கோவை போன்ற பெரிய ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் இதை முதலில் தொடங்கிப் பார்க்கலாம். பழைய இழப்பீட்டு அட்டவணை, கட்டைவிரல் போனால் 30 சதவீதம், சுட்டுவிரல் முழுதும் போனால் 14 சதவீதம் என்று இழப்பைத் துல்லியமாக அளக்கிறது. மிச்சமிருக்கும் விரல்களால் என்ன செய்ய முடியும் என்று அளந்து சொல்லும் தாள் ஒன்றும் அதே அளவுக்கு அவசியம்.

தொழிற்சங்கங்களும் சக தொழிலாளர்களும் இதில் ஒதுங்கி நிற்க முடியாது. லைனில் ஒருவர் இலேசான வேலைக்குப் போனால் அவருடைய டார்கெட் மற்றவர்கள் தலையில் விழும். “நாங்க மாடு மாதிரி உழைக்கிறோம், அவன் ஓ.பி. அடிக்கிறான்” என்ற பேச்சு மூன்றாம் நாளே கிளம்பிவிடும். அடிபட்டவரை அந்தச் சொல் குத்தும். அடுத்த வாரமே, “எனக்கு ஒண்ணும் இல்ல, மிஷினுக்கே போறேன்” என்று அவர் போய்விடுவார். பேச்சு கெட்ட மனத்தால் வருவதல்ல, கூடிப்போன வேலைச்சுமையால் வருவது. ஆகவே ஒருவர் லைட் டியூட்டிக்குப் போகும் நாளிலேயே அந்த லைனின் டார்கெட்டைக் குறைக்க வேண்டும், அல்லது மாற்று ஆள் போட வேண்டும். இன்சென்டிவ் கணக்கிலும் அவருடைய பங்கைப் பழைய சராசரிப்படி கொடுக்க வேண்டும். சம்பள உயர்வுக்கும் போனஸுக்கும் ஒப்பந்தம் போடும்போது சங்கங்கள் இதையும் ஒரு சரத்தாக எழுதிக் கேட்கலாம். இதுவரை பெரும்பாலும் கேட்டதில்லை என்பது வருத்தம்.

திருப்பூரில் தையல் மிஷினின் ஊசி விரலில் ஏறுவதைப் பெரிய காயமாக யாரும் எண்ணுவதில்லை. பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு அதே ஷிப்டில் தொடர்கிறார்கள். தோள்பட்டை வலியும் மணிக்கட்டு வலியும் விபத்துக் கணக்கிலேயே வருவதில்லை. பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணைப் பிசிறு வெட்டும் வேலைக்கு மாற்றினால் அன்றைய வரும்படி பாதியாகிவிடும். எனவே அவர் வலியை வெளியே சொல்வதே இல்லை. அப்படியே சொல்லி, கம்பெனியில் இலேசான வேலை வாங்கிவிட்டாலும், வீட்டில் தண்ணீர்க் குடமும் துணி துவைக்கும் கல்லும் அவருக்காகக் காத்திருக்கின்றன. மருத்துவர் எழுதிய ஐந்து கிலோ வரம்பு கம்பெனி கேட்டோடு முடிந்துபோகிறது. கணவரும் மாமியாரும் வளர்ந்த பிள்ளைகளும் அந்தத் தாளைப் படித்திருக்க வேண்டும். காயம்பட்டவர் டிஸ்பென்சரிக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போவது நல்லது. ஆண்களுக்கு வேறொரு சுமை இருக்கிறது. பாதிக் கையோடு வேலைக்குப் போவதைவிட வீட்டில் இருப்பதே கௌரவம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். மூன்று மாதம் அப்படி இருந்தவர் ஆறு மாதம் இருப்பார். நாள் கூடக் கூட வேலைக்குத் திரும்புவது அரிதாகிக்கொண்டே போகும். பயமும் குடியும் கடனும் அந்த இடைவெளியில்தான் நுழைகின்றன.

இவ்வளவும் நிரந்தரத் தொழிலாளியை மனத்தில் வைத்துச் சொன்னவை. இன்று பிரஸ்ஸின் முன்னால் நிற்பவர்களில் பலர் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும் அவர்களில் உண்டு. அடிபட்டவுடன் கம்பெனி, “அவர் காண்ட்ராக்டரோட ஆள்” என்கிறது. காண்ட்ராக்டரிடம் ஆட்கள்தான் உண்டு, இலேசான வேலை கிடையாது. ஆறாத கையோடு அந்த ஆள் ரயிலேறுகிறார். ஊரில் அவருக்குப் பிசியோதெரபி கிடைக்குமா, ஈ.எஸ்.ஐ. கிளை எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கட்டடச் சாரத்திலிருந்து விழும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஈ.எஸ்.ஐ.யே பெரும்பாலும் இல்லை. மேஸ்திரி அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்.

காண்ட்ராக்ட் ஆளின் ஈ.எஸ்.ஐ. சந்தாவுக்கு முதன்மை முதலாளியே பொறுப்பு என்று சட்டம் முன்பே முடிவுசெய்திருக்கிறது. லைட் டியூட்டிக்கும் அதே பொறுப்பை நீட்டுவதில் புதிய தத்துவம் எதுவும் இல்லை. யாருடைய மிஷினில் விரல் போனதோ அவருடைய கேட்டுக்குள்தான் இலேசான வேலையும் இருக்கிறது. காண்ட்ராக்ட் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஒரு சரத்தைச் சேர்த்து எழுதட்டும்: இந்த வளாகத்தில் காயம்பட்ட எவரும், ஒப்பந்தக்காரர் மாறினாலும், முழுமையாகக் குணமாகும்வரை மருத்துவர் குறித்த வரம்புக்குள் இந்த வளாகத்திலேயே வேலை பெறுவார், விபத்துக்கு முந்தைய சராசரிக் கூலியோடு. தொழிலாளர் துறை இதை மாதிரிச் சரத்தாக அச்சிட்டுத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒவ்வொரு தொழிற்பேட்டைக்கும் அனுப்பலாம். அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.